எல்லாருக்கும் அதே ஆறு வினாடி

அந்த ஞாயிறு மதியம் நாகர்கோவிலில், ஜெராக்ஸ் கடை மாடியில் கூடியிருந்தவர்கள்: கடையை நடத்தும் ஜெசிந்தா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் தாணுலிங்கம். டயர்க்கடை ஸ்டான்லி. ஸ்டான்லியின் மச்சான் பெலிக்ஸ். பள்ளி ஆய்வக உதவியாளர் ஷமீமா. ஆக ஐந்து பேர். மேசைமேல் ஓநாய்கள் பதினான்கு. ஓநாய் என்றால் புளியங்கொட்டைதான்.

ஜெசிந்தா கதை சொல்வார். மற்ற நால்வரும் அதற்குள் ஆளுக்கொரு வீரனாக நடப்பார்கள். சண்டை வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, பெரிய எண் விழுந்தவர் முதலில் என்று வரிசை போடுவார்கள். ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்திரண்டு. ஆனாலும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால், அறுபத்தொரு வயது தாணுலிங்கம் அவரை ஆசானே என்றுதான் கூப்பிடுவார்.

தாணுலிங்கத்தின் வீரன் பெயர் வாகையன். இருபத்திரண்டு ஞாயிறுகளாக வளர்த்த பிள்ளை. உயிர்ப்புள்ளி ஒன்பதுதான் பாக்கி. அது தீர்ந்தால் வாகையன் செத்தான். திரும்ப வரமாட்டான்.

நான்கு வீரர்களும் ஒரு பாழடைந்த நெல் மில்லுக்குள் நின்றார்கள். ஒரே வாசல். கதவு திறந்து கிடந்தது. ஓநாய்கள் வந்துகொண்டிருந்தன. தாணுலிங்கத்துக்குப் பகடையில் இரண்டு விழுந்தது. வரிசையில் கடைசி ஆள்.

அவர் பகடையைத் தள்ளி வைத்தார்.

"ஆசானே, ஒரு சந்தேகம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்?"

"ஆறு வினாடி, அண்ணாச்சி."

"எனக்கு ஆறு, ஸ்டான்லிக்குத் தனியா ஒரு ஆறா?"

"எல்லாருக்கும் அதே ஆறுதான்."

"அப்போ அவன் அம்பு விட்டு முடிக்கிற வரைக்கும் என் வாகையன் என்ன, மைல்கல்லா? கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறப்போ டிரைவர் வண்டிய நிறுத்திட்டா உட்கார்ந்திருப்பார்?"

"ஆரம்பிச்சாச்சு, ஆசானும் சீடரும்," என்றார் ஸ்டான்லி. "மச்சான், டீக்குச் சொல்லு."

"சிரிக்காத லே. சண்டையில வரிசை கிடையாது. விதி தப்பு. இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் பகடையத் தொடமாட்டேன்."

ஜெசிந்தா மறுக்கவில்லை. அவர் முன்னால் ஒரு அட்டைத் தடுப்பு இருந்தது. அதன் விளிம்பில், பெயர் எழுதிய துணிக் கிளிப்புகள் வரிசைப்படி மாட்டியிருந்தன. நான்கையும் கழற்றி டிராயரில் போட்டார்.

"இந்தச் சுற்றுக்கு வரிசை இல்லை. எல்லாரும் ஒண்ணாச் சொல்லுங்க. ஆறு வினாடி. என் காதுல விழுறது நடக்கும்."

கையை உயர்த்தினார்.

"வாகையன் வாசலுக்குப் பாயிறான்! முன்னால வர்றதுக்கு ஒரே வெட்டு!"

"என் அம்பு! நெத்தியில!"

"மச்சான், விலகு! ஈட்டிய வீசுறேன்!"

தாணுலிங்கத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் பழுத்த குரல்.

கை இறங்கியது. ஜெசிந்தா மூன்று கொட்டைகளை எடுத்து ஆட்டத்துக்கு வெளியே வைத்தார். ஆளுக்கு ஒன்று.

"பாத்தியா லே? ஆறு வினாடியில மூணு!"

ஜெசிந்தா நான்கு கொட்டைகளை வாசலுக்கு உள்ளே நகர்த்தினார்.

"நாலு உள்ள வந்துட்டு. வாசல்ல நிக்கிறது வாகையன். நாலும் அவன் மேலதான். கடிக்கு ரெண்டு."

ஒன்பதில் எட்டு போனது. தாணுலிங்கம் தாளில் ஒன்பதை அடித்து, ஒன்று என்று எழுதினார்.

"கதவு பக்கம் யாரு நின்னது?"

"நான்தான்," என்றார் ஷமீமா.

"நீ சாத்தியிருக்கக் கூடாதா, மக்களே?"

"சாத்துறேன்னு சொன்னேன். மூணு தடவை."

ஸ்டான்லி பெலிக்ஸைப் பார்த்தார். பெலிக்ஸ் தன் டம்ளருக்குள் பார்த்தார்.

தாணுலிங்கத்துக்கு ஒரு நப்பாசை. "அவ சொல்லியிருக்காளே, ஆசானே. அப்போ கதவு சாத்துனதுதானே? ஓநாய் வந்திருக்காதே?"

"எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேட்டுதா?"

"இல்ல."

"அவங்க உங்க பக்கத்து நாற்காலி, அண்ணாச்சி."

தாணுலிங்கம் கையில் எடுத்திருந்த ரப்பரைக் கீழே வைத்தார். ஒன்று என்பது ஒன்றாகவே இருந்தது. பிறகு அவரே டிராயரைத் திறந்து, கிளிப்புகளை எடுத்து ஆசான் முன் வைத்தார்.

"ஷமீமா பேரை முதல்ல மாட்டுங்க."

"அது உபகாரம். பகடை போடுங்க."

போட்டார்கள். ஸ்டான்லி பதினெட்டு. ஷமீமா பதினொன்று. பெலிக்ஸ் ஒன்பது. தாணுலிங்கம் மூன்று. அவருக்கு மறுபடியும் கடைசி.

ஸ்டான்லியின் அம்பு தவறியது. யாரும் கேலி செய்யவில்லை.

ஷமீமா வாய் திறக்கும் முன் தாணுலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "ஆனாலும் ஆசானே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நெசமான சண்டையில வரிசை உண்டா?"

"சண்டையில கிடையாது," என்றார் ஜெசிந்தா. "ஷமீமா, நீங்க சொல்லுங்க."

தாணுலிங்கம் வாயை மூடிக்கொண்டார்.

"கதவைச் சாத்துறேன்," என்றார் ஷமீமா, அதே சின்னக் குரலில்.

வெளியே நின்ற ஏழு கொட்டைகளை ஜெசிந்தா புறங்கையால் ஒதுக்கினார். உள்ளே மிச்சம் நான்கு.