மந்திரி உடுத்திய ராஜ அங்கி

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் எதிரியைவிடக் கண்ணாடிக்கு அதிகமாகப் பயந்த ஒரு காலத்தில், மணிமகுடவர்மன் என்று ஒரு மன்னன் இருந்தான். நல்ல மனுஷன். கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் தொந்தி, சிரித்தால் சபையே சேர்ந்து சிரிக்கும். அப்படிப்பட்டவன் பக்கத்து தேசத்து இளவரசியின் கல்யாணத்துக்குப் போய்விட்டு முகம் தொங்கத் திரும்பி வந்தான். அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரே ஒரு உத்தரவு போட்டான்.

“இனி நாம் சபையிலும், குதிரையிலும், கோயிலிலும், விருந்திலும் ராஜ அங்கியோடுதான் இருப்போம். பார்த்தவன் கண் கூச வேண்டும்.”

கேட்க வேண்டுமா? மந்திரி விருத்தகிரியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆடம்பரம் என்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம். உள்ளே வெல்வெட்டு, அதன்மேல் பட்டு, பட்டு தெரியாத அளவுக்குப் பொன்சரிகை, காதைத் தொடும் கழுத்துப்பட்டை என்று ஓர் அங்கி தைத்துக் கொடுத்தார். தூக்கிப் போட இரண்டு ஆள் வேண்டும். கூடவே ஒரு சம்பிரதாயமும் உண்டாக்கினார். சபையில் ராஜ அங்கியை உடுத்தியவர் விளக்கேற்றும் வரை அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் ராஜ்யத்துக்கு அபசகுனம். காலம் என்னவென்று நினைக்கிறீர்கள்? சித்திரை மாதம்!

கொஞ்ச நாள் போயிற்று. ஒருநாள் சபையில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது மன்னன் செங்கோலை எடுத்து, மெதுவாகக் கழுத்துக்குப் பின்னால் விட்டு, மேலும் கீழும் இழுத்தான். கண்கள் சொக்கின. “ஆஹா” என்று ஒரு பெருமூச்சு வந்தது.

சபையோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்னர் காரணமில்லாமல் ஒன்றும் செய்யமாட்டாரே! மறுநாள் சேனாபதி வாள் உறையால் முதுகை வருடினார். புரோகிதர் பஞ்சாங்க ஏட்டால் வருடினார். விருத்தகிரியார் தந்தத்தில் ஒரு குட்டிக் கையே செய்துகொண்டு வந்துவிட்டார். “இது செங்கோல் வருடல். உயர்ந்த ராஜ முத்திரை” என்று அதற்கு விளக்கமும் சொன்னார். அரிப்பே இல்லாத ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து முதுகு சொறிந்த அந்தச் சபையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

அந்தச் சபையில் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அதனாலேயே விருத்தகிரியாருக்கு அவனைக் கண்டால் ஆகாது. பிச்சாண்டிக்கு நாக்கு சும்மா இருக்குமா? எழுந்து நின்று, “பிரபு, இது முத்திரை இல்லை. வேர்க்குரு!” என்று சொல்லிவிட்டான்.

மன்னன் முகம் சிவந்தது. விருத்தகிரியார் தந்தக் கையை மடியில் ஒளித்துக்கொண்டு சட்டென்று எழுந்தார்.

“அரசே, பட்டு கடிக்குமா? பொன் கடிக்குமா? தங்கள் திருமேனி அரிக்கிறது என்றால் அங்கியில் யாரோ அரிப்பெடுக்க வைக்கும் பூனைக்காலிச் சுணையைத் தூவியிருக்கிறார்கள். அங்கியைத் தினமும் தொடுபவள் ஒருத்திதான். அரண்மனை உடைகளைப் பார்த்துக்கொள்ளும் செங்கமலம்.”

மன்னனுக்கு அது பொய்யென்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும். ஆனால் அங்கி கடிக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அங்கியை விட வேண்டுமே! அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, “அவளை நாடு கடத்துங்கள்” என்றான்.

பிச்சாண்டி ஆடிப்போனான். செங்கமலம் புருஷனை இழந்தவள். மகள் பூமாலைக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாடு கடத்தப்பட்டவள் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? வேடிக்கையாக விட்ட ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்துவிட்டது. அவன் மன்னன் காலில் விழுந்தான்.

“பிரபு, குற்றம் அவளுடையது இல்லை, உடுப்புடையது. அதை நிரூபிக்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.”

விருத்தகிரியார் புன்னகை செய்தார். “கொடுக்கலாமே! தேர்த் திருநாளுக்குள் விகடகவி ஓர் உடைக்கு ஏற்பாடு செய்யட்டும். காண்பவர் கண்ணுக்கு ராஜ கம்பீரம் தெரிய வேண்டும். மன்னர் உடம்புக்கு உடுத்திய நினைவே இல்லாத சுகம் வேண்டும். சபை, குதிரை, கோயில், விருந்து நான்குக்கும் பொருந்த வேண்டும். இப்போதுள்ள பொன்சரிகையில் ஓர் இழையும் குறையக் கூடாது. முடியாவிட்டால் அந்தப் பெண்ணோடு இவனும் எல்லையைத் தாண்டட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றான் மன்னன்.

பிச்சாண்டி நேராக உடுப்பறைக்குப் போனான். செங்கமலம் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் அழுகை கோபமாக மாறிவிட்டது.

“ஏண்ணே, உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட மாட்டியா? நீ பேசிட்டுப் போயிட்டே. சேதி கேட்டதுலருந்து எம் பொண்ணு பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலே.”

“திட்டு தாயி, நல்லா திட்டு. எனக்கு வேணும். திட்டி முடிச்சதும் ஒண்ணு சொல்லு. ராஜா எப்பவாச்சும் அரிப்பு இல்லாம இருந்து பாத்திருக்கியா?”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சிக் குளிக்கிறப்ப. துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன பருத்தி வேட்டி ஒண்ணு எடுத்து வைப்பேன். அதக் கட்டிக்கிட்டா பாட்டுக்கூடப் பாடுவாரு. பாவம், அப்பறம் அந்த மூட்டையை மாட்டிக்குவாரு.”

சனிக்கிழமை பிச்சாண்டி குளியலறை வாசலில் போய் நின்றான். மன்னனின் முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. பார்த்ததும் பிச்சாண்டிக்குக் கேலி பேச வாய் வரவில்லை. “பிரபு, இவ்வளவு வேதனையோடு ஏன் இதைப் போடுகிறீர்கள்?” என்றுதான் கேட்டான்.

மன்னன் ஒரு செம்பு வெந்நீரை மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டான். “யாரிடமும் சொல்லாதே. அந்தக் கல்யாணத்துக்கு நான் சாதாரண வேட்டியில் முன்னால் நடந்து போனேன். பல்லக்கு பின்னால் வந்தது. வாசலில் நின்றவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, ‘பந்தி பரிமாற வந்தவர்கள் எல்லாம் பின்வாசல் வழியாகப் போங்கள்’ என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, பிச்சாண்டி.”

பிச்சாண்டியின் கண் கலங்கியது. இந்த மனிதனுக்கு அரிப்பு முதுகில் மட்டும் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

மறுநாள் சபையில் அவன் ஒரு வேண்டுகோள் வைத்தான். “பிரபு, தேர்நாளுக்கான புது அங்கியை மந்திரியார் வீட்டிலேயே, மந்திரியாரின் தையற்காரரே தைக்கட்டும். அன்று வரை அவர் வீட்டுப் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். செங்கமலத்தின் நிழல்கூட அதன்மேல் பட வேண்டாம். தங்கள் திருமேனியை ஊசியோடு யாரும் நெருங்கவும் வேண்டாம். மந்திரியாரின் அளவுக்கே தைத்தால் போதும்.”

விருத்தகிரியாருக்குக் காதில் தேன் பாய்ந்தது. அவர் நல்ல உயரம். அவர் அளவுக்குத் தைத்தது குள்ளமான மன்னனுக்குத் தரையில் புரளும். பிச்சாண்டி தானாகவே வந்து குழியில் விழுகிறான்! பழையதைவிட இரண்டு பங்கு சரிகை வைத்துத் தைக்கச் சொன்னார். பிச்சாண்டியோ உடுப்பறையே கதி என்று கிடந்தான். செங்கமலமும் அவனும் பெட்டி பெட்டியாகக் கிளறி, வேண்டியதை மட்டும் எடுத்து ஒரே ஒரு பிரம்புப் பெட்டியில் அடுக்கினார்கள்.

தேர்நாள் விடிந்தது. பக்கத்து தேசத்துத் தூதரும் திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. நான்கு ஆட்கள் புது அங்கியைச் சபைக்குச் சுமந்து வந்தார்கள்.

“அரசே, விகடகவியின் உடை வந்துவிட்டது. ஆனால் இது தங்களுக்குப் பொருந்தாதே!” என்று விருத்தகிரியார் மிகவும் வருத்தப்பட்டார்.

“மன்னருக்கு எதற்குப் பொருந்த வேண்டும்?” என்றான் பிச்சாண்டி. “காண்பவர் கண்ணுக்குக் கம்பீரம், மன்னர் உடம்புக்குச் சுகம். இதுதானே கட்டளை? இரண்டும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும் என்று கட்டளையில் இல்லையே. கம்பீரத்தை மந்திரியார் உடுத்தி மன்னருக்கு முன்னால் நடக்கட்டும். சுகத்தை மன்னர் உடுத்தட்டும். சரிகையில் ஓர் இழை குறையவில்லை. கூடத்தான் இருக்கிறது.”

மன்னனின் உதட்டோரம் துடித்தது. பல நாளுக்குப் பிறகு வந்த துடிப்பு. “உடுத்தும், மந்திரியாரே” என்றான்.

ராஜ அங்கி! விருத்தகிரியாருக்குள் இருந்த ஆசை மெல்லத் தலை நீட்டியது. மறுக்கிற மாதிரி கொஞ்சம் நெளிந்துவிட்டுக் கையை நீட்டினார். பிச்சாண்டி பணிவாக நினைவூட்டினான். “விளக்கேற்றும் வரை கழற்றக் கூடாது. தாங்கள் உண்டாக்கிய சம்பிரதாயம்.”

பிச்சாண்டி பிரம்புப் பெட்டியைத் திறந்தான். மெல்லிய கரையிட்ட வெள்ளை வேட்டிகள், ஒரு பச்சை உத்தரீயம், ஓர் அரக்கு உத்தரீயம், காற்று வீசினால் போர்த்த ஒரு சால்வை. அவ்வளவுதான். சபைக்கு மன்னன் வேட்டியை விசிறி மடிப்பு வைத்துக் கட்டிப் பச்சையைத் தோளில் போட்டான். குதிரைக்கு அதே வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினான், பச்சை இடுப்புக் கச்சையாயிற்று. கோயிலுக்கு வழக்கப்படி மேலுடம்பு திறந்திருக்க அரக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டான். எங்கேயும் இழுத்துப் பிடிக்கவில்லை, எங்கேயும் குத்தவில்லை. குதிரைமேல் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டான்.

விருத்தகிரியாரின் கதை வேறு. குதிரைமேல் அவரை ஏற்றவே ஆறேழு பேர் சேர வேண்டியதாயிற்று. தேரடிக்கு வருவதற்குள் வியர்வை ஊற்றாகப் பெருகியது. முதலில் தோளை நெளித்தார். பிறகு தேர்ச் சக்கரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசினார். கடைசியில் வெட்கத்தை விட்டு, பக்கத்தில் நின்றவனின் குடையைப் பிடுங்கி அதன் காம்பைக் கழுத்துக்குள் விட்டுச் சொறிந்தார்.

மன்னன் அதைப் பார்த்தான். அவன் பாட்டு நின்றது.

“மந்திரியாரே, இந்த அங்கியைச் செங்கமலம் தொட்டாளா?”

“இல்லை... பிரபு.”

“பிறகு பூனைக்காலியை யார் தூவினார்கள்?”

விருத்தகிரியார் குடைக்காம்பைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிய முயன்றார். கழுத்துப்பட்டை குனிய விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூதர் வந்து சேர்ந்தார். வெயிலில் தகதகக்கும் அங்கியைக் கண்டார். நேராகப் போய் விருத்தகிரியாரை விழுந்து வணங்கி, “மணிமகுட மகாராஜாவுக்கு ஜயம்!” என்றார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மன்னனின் முகம் வாடிப்போயிற்று. அத்தனையும் யோசித்த பிச்சாண்டி இதை மட்டும் யோசிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அவள் இடுப்பிலிருந்து நழுவிய குழந்தை தவழ்ந்து தவழ்ந்து தேர்வடத்தருகே வந்துவிட்டது. தேர் அசையத் தொடங்கியிருந்தது. குழந்தைக்கு மிக அருகில் நின்றவர் விருத்தகிரியார். பாவம், அவரும் பதறினார், பிடிக்கத்தான் பார்த்தார். அங்கி வளையவில்லை, நின்ற இடத்தில் நட்ட தூணாக நின்றார். மன்னன் பாய்ந்து வந்து, குனிந்து, குழந்தையை வாரி எடுத்துவிட்டான். தேர் அந்த இடத்தைத் தாண்டி உருண்டது.

குழந்தை வீறிட்டது. மன்னன் அரக்கு உத்தரீயத்தால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று முதுகைத் தட்டினான். ஜனங்கள் “எங்க ராஜா! எங்க ராஜா!” என்று கத்தினார்கள். தூதர் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் வந்து மன்னனை விழுந்து வணங்கினார். அவரை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

மாலையில் மன்னன் முதலில் செங்கமலத்தை அழைத்தான். “உன்மேல் பொய்ப் பழி என்று தெரிந்தும் தலையைத் திருப்பிக்கொண்டேன். மன்னித்துவிடு, அம்மா” என்றான். அவள் கைகூப்பி அழுதாள். விளக்கேற்றியதும் அங்கியிலிருந்து உரித்தெடுக்கப்பட்ட விருத்தகிரியாரைப் பார்த்து மன்னன், “உமக்கு இன்றைய பகலே தண்டனை. போய்ச் சந்தனம் பூசிக்கொள்ளும்” என்றான். பிறகு பிச்சாண்டி பக்கம் திரும்பினான்.

“இந்தப் பொன் அங்கியை உனக்கே பரிசளிக்கிறேன்!”

பிச்சாண்டி தடாலென்று காலில் விழுந்தான். “பிரபு! அடியேன் என்ன குற்றம் செய்தேன்? இதற்கு நாடு கடத்தலே தேவலையே!”

மன்னன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். சபையும் சேர்ந்து சிரித்தது. அங்கியிலிருந்த சரிகை முழுவதையும் உருக்கிப் பூமாலையின் கல்யாணத்துக்கு நகை செய்யக் கொடுத்தார்கள்.

வைகாசியில் அந்தக் கல்யாணத்துக்கு மன்னன் வெள்ளை வேட்டியும் பச்சை உத்தரீயமுமாகத் தனியே நடந்து போனான். பந்தலில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், வெளியூர் ஆள், அவனை ஏற இறங்கப் பார்த்தார். “என்னய்யா சும்மா நிக்கிறே? அந்தப் பாயசத்தைத் தூக்கு. பந்தி காத்துக்கிட்டிருக்குல்ல?”

பிச்சாண்டி முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தான். அவன் பதறி எழுந்திருக்கப் போனான். மன்னன் ஒரு நொடி அசையாமல் நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, உத்தரீயத்தை இடுப்பில் இறுக்கி, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறிக்கொண்டே வந்தான். பிச்சாண்டியின் இலைக்கு முன்னால் வந்ததும் சௌகரியமாகக் குனிந்தான்.

“உனக்குப் பரிசு பாக்கி இருக்கிறதே, விகடகவி. இன்னொரு கரண்டி போடட்டுமா?”

பிச்சாண்டி இலையிலிருந்து கையை எடுத்தான். மன்னன் வழிய வழிய ஊற்றிவிட்டு, கரண்டியோடு நின்றபடியே சிரித்தான். ஏன் சிரிக்கிறார் என்று தெரியாமலே அந்தப் பந்தி முழுவதும் சேர்ந்து சிரித்தது.