கூட்டுறதும் பெருக்குறதும்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம், பேரு மங்கையர்க்கரசி. அரசியெல்லாம் பேருலதான்டா, ஏழாங்கிளாஸ் கணக்குன்னா அவளுக்குக் காய்ச்சலே வந்துடும். "நான்தான் ஏழாவதுக்கு வந்துட்டேன், என் மூளை இன்னும் பால்வாடியில சுண்டல் தின்னுக்கிட்டு இருக்கு"ன்னு அவளே சொல்லிச் சிரிப்பா. ம் கொட்டு... ஆங்.

அப்போ ஒருநாள் எஸ்தர் டீச்சர் வந்து, "அடுக்குக் கணக்குல ஆளுக்கு மூணு கேள்வி. ஒண்ணுகூட சரியா சொல்லாதவங்க பி செக்‌ஷனுக்குப் போகணும்"னுட்டாங்க. பக்கத்துல உக்காந்திருக்காளே தோழி ரெஜினா, அவளை விட்டுட்டு எப்படிப் போறது? மங்கைக்கு அழுகையே வந்துடுச்சு.

"ரெண்டோட அடுக்கு மூணு எவ்வளவு?"

"ஆறு டீச்சர்."

கிளாஸே கொல்லுன்னு சிரிச்சுது. "ரெண்டை மூணு தடவை போட்டுப் பெருக்கணும்டி. எட்டு!"

அப்புறம் ரெண்டாவது. "ரெண்டோட அடுக்கு மூணையும், ரெண்டோட அடுக்கு ரெண்டையும் பெருக்கினா?"

"ரெண்டோட அடுக்கு ஆறு."

"அய்யோ, பெருக்கும்போது அடுக்கைக் கூட்டணும்! அடுக்கு அஞ்சு!"

"எங்க வீட்டுல கூட்டுன்னாலும் பெருக்குன்னாலும் ஒரே விளக்கமாறுதான் டீச்சர். அதையே நான் ஒழுங்கா செய்யமாட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துது, அடக்கிக்கிட்டாங்க. தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் மூணாவது. "ரெண்டோட அடுக்கு பூஜ்யம்?"

மங்கை, ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிடலாம்னு, "ஒண்ணு..."ன்னு வாயைத் திறந்தா, டாண் டாண் டாண்! பெல்லு. மிச்சம் அதுலயே போச்சு.

"சபாஷ்! ஒண்ணுதான்!"ங்கறாங்க டீச்சர்.

ரெஜினா கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ஆனா மங்கைக்கு மனசு கேக்கல. ஓடிப்போய், "டீச்சர், ஒண்ணும் தெரியலைன்னுதான் சொல்ல வந்தேன்"னா.

டீச்சர் சொன்னாங்க, "சரி, அடுக்கு மூணு எட்டு. அப்புறம் ஒவ்வொண்ணா எறங்கு."

"அடுக்கு ரெண்டு, நாலு. அடுக்கு ஒண்ணு, ரெண்டு. பாதி பாதியா ஆகுது... ரெண்டுல பாதி... ஐயையோ! நெசமாவே ஒண்ணுதான் டீச்சர்! என் வாய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே!"

"இப்பத் தெரிஞ்சுதுல்ல? போ, ரெஜினா பக்கத்துலயே உக்காரு."

அவ்வளவுதான்டா தங்கம். கதையும் கண்ணை மூடிக்கிச்சு, நீயும் மூடிக்கோ.