முப்பத்தேழாவது பக்கம்

"விரல் தடிமன்ல சொன்ன பேச்சைக் கேட்குது, வாத்தியாரம்மா. தொடை தடிமனுக்குப் போனா வெடிக்குது."

தணிகாசலம் விரிசல் விட்ட அலுமினியக் கட்டையை மேசைமேல் வைத்தார். மேசை ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

ராணிப்பேட்டையில் உலோகத்தை அடித்து வடிவம் கொடுக்கும் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனிக்கு அவர் மேனேஜர். வயது ஐம்பத்தொன்று. அவர் வாத்தியாரம்மா என்று கூப்பிட்ட உமையாளுக்கு முப்பத்தெட்டு. காலேஜ் லேபில் உலோகத்தை அறுத்து, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்கிறவர். எப்பேர்ப்பட்ட ஆளும் அவர் முன்னால் கொஞ்சம் குறுகித்தான் நிற்பார்.

"என்ன செய்யறீங்க, சொல்லுங்க."

"வளைஞ்ச துளைக்குள்ள கம்பியை நாலு தடவை தள்ளுறோம். உள்ளே ரவை மாதிரி இருக்கிற துகள் மைதா மாதிரி ஆயிடுது. அப்புறம் சுத்தியல் மெஷின்ல அடிச்சா, நினைச்ச வடிவத்துக்கு வருது. சின்னதுல நாற்பது கம்பி. ஒண்ணுகூடப் பிசகலை."

"பெரிசுல?"

"பதினொண்ணு அடிச்சேன். பதினொண்ணும் போச்சு. வெள்ளிக்கிழமை ஆர்டர்காரங்க வர்றாங்க. அன்னைக்கும் வெடிச்சா புது ஷெட்டை மூட வேண்டியதுதான். அதுக்குன்னு எடுத்த இருபத்திரண்டு பேர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

உமையாள் கட்டையை அறுத்தார். தேய்த்தார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"துகளெல்லாம் ஒரே பக்கமா இழுபட்டுப் படுத்திருக்கு."

"சின்னதுல அப்படி இல்லையே."

"சின்னதை மெஷின்ல வச்சது யாரு?"

"செலின்னு ஒரு அம்மா. பெரிசுக்குத் தானே எடுத்து வைக்கிற ஆட்டோமேட்டிக் ஃபீடர் வந்துடுச்சு. அவங்களைப் பேக்கிங்குக்கு மாத்திட்டேன்."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"எடுத்து எடுத்து வைப்பாங்க, அவ்வளவுதான். செய்முறை பூரா இந்த ஃபைல்ல இருக்கு."

அழுத்தம், வேகம், சூடு, எண்ணெய் என்று முப்பத்தாறு பக்கம். உமையாள் கடைசிவரை புரட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மூலையில் 37 என்று போட்டு ஃபைலில் செருகினார்.

"மிச்சத்தை எழுதிட்டு வாங்க."

கேட்டதற்குப் பதில் சொன்னால் இந்தம்மாவுக்கு வாய் வலிக்குமோ என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார் தணிகாசலம்.

செலின் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பழையபடி ஒரு கம்பி தள்ளிக் காட்டுங்கம்மா."

சின்ன மெஷினுக்கு வந்து காட்டினார். முதல் தடவை போய் வெளியே வந்த கம்பியை இடுக்கியால் எடுத்தார். மறுபடி வைப்பதற்கு முன் கை தன்பாட்டுக்குக் கால் சுற்று திருப்பியது. அடுத்த தடவையும் அப்படியே.

"அது என்ன?"

"எது சார்?"

"திருப்பினீங்களே."

"அதுவா? ஒரே பக்கமா வச்சுத் தள்ளினா முரண்டு பிடிக்கும் சார். திருப்பி வச்சா பேசாமப் போகும்."

"ஏம்மா இதைச் சொல்லவே இல்லை?"

"யாரும் கேக்கலையே சார்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி நெஞ்சு நிறைந்துபோனது.

"உங்களை இங்கேருந்து அனுப்பினது என் தப்பு. ரொம்ப நன்றிம்மா."

"ஒரு திருப்புத் திருப்பினதுக்கா சார்?" என்று செலின் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை ஃபீடரை ஓரங்கட்டினார்கள். ஆறு பேர் சங்கிலி போட்டுப் பெரிய கட்டையைத் திருப்பினார்கள். "இன்னும் கொஞ்சம். ம், போதும்" என்று செலின் பக்கத்தில் நின்று சொன்னார். நாலு தடவை தள்ளியானதும் சுத்தியல் இறங்கியது. வந்தவர்கள் விரிசலைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஷெட்டில் பலர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் தணிகாசலம் மக்கன் பேடா டப்பாவோடு உமையாளிடம் வந்தார்.

"இருபத்திரண்டு பேர் கொடுத்து அனுப்பினது, வாத்தியாரம்மா."

"செலினுக்கு?"

"முதல் டப்பா அவங்க வீட்டுக்குத்தான் போச்சு. இப்ப பெரிய மெஷினே அவங்க பொறுப்பு."

ஃபைலை நீட்டினார். கடைசித் தாளில் எழுதியிருந்தது:

'ஒவ்வொரு முறை தள்ளும் முன்பும் கட்டையைக் கால் சுற்று திருப்ப வேண்டும். நமக்கு இதைக் காட்டியவர் செலின்.'

உமையாள் ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஃபைலை அவர் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் சரி. பக்க நம்பர்தான் தப்பு."

தணிகாசலம் தாளைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு பேனாவை எடுத்து 37-ஐ அடித்தார். 1 என்று போட்டார்.