ஏழாவது சாவி

ஐரோப்பாவில் இரண்டு பெரிய ராஜ்ஜியங்களுக்கு நடுவே, மலைக்குள் ஒரு நாடு. மொத்தமே ஏழு கிராமம். அதன் சுதந்திர சாசனம், தேவாலயச் சுவரில் பதித்த இரும்பு அலமாரியில் இருந்தது. அலமாரிக்கு ஏழு பூட்டு, கிராமத்துக்கு ஒரு சாவி.

ஓர் இலையுதிர் காலத்தில் வடக்கு ராஜாவின் தூதன் வந்து இறங்கினான்.

"சாசனத்தை எங்கள் ராஜா பார்க்கவேண்டுமாம். கொடுத்தனுப்புங்கள்."

போனால் திரும்பாது என்பது எல்லோருக்கும் தெரியும். தர மாட்டோம் என்றால் படை வரும். வடக்கு ராஜாவே அலமாரியை உடைத்தால் தெற்கு ராஜா சும்மா இருக்கமாட்டான். அதனால்தான் தூதனிடம் இந்தப் பணிவு.

வேறு வழியில்லாமல் ஆறு சாவிகள் வந்துவிட்டன. ஏழாவது சாவி துறவி ஆர்னாவ் வசம் இருந்தது. அவர் அங்கியைத் தடவிப் பார்த்தார்.

"எங்கேயோ வெச்சேன்."

அவருடைய சீடன் கில்லெம் உடனே தேடக் கிளம்பினான். ஐம்பது வயதுக்காரன், அவனும் ஒரு சாவிக்காரன். அவன் கிராமம் வடக்குக் கணவாயின் வாசலிலேயே இருந்தது.

ஒன்பது நாள் தேடினான். வைக்கோல் படுக்கையைப் பிரித்தான். கோழிக் கூண்டுக்குள் கையை விட்டான். கிணற்றில் இறங்கிச் சேற்றை அள்ளினான். அவன் படும் பாட்டைப் பார்த்துத் தூதனுக்கே பாவமாகிவிட்டது. ஆர்னாவ் தினமும் தூதனுக்குப் பாலாடைக்கட்டி அரிந்து வைத்து மன்னிப்புக் கேட்டார்.

பத்தாம் நாள் பனி விழுந்தது. கணவாய் மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டும்.

"அடுத்த வருஷம் வருவோம். அதற்குள் கண்டுபிடித்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தூதன் தன் ஆட்களோடு குதிரை ஏறினான்.

குதிரைகள் மறைந்ததும், பாலாடைக்கட்டியில் மிச்சமிருந்த நடுத்துண்டை ஆர்னாவ் பிட்டார். உள்ளே சாவி.

கில்லெமுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்கிட்டகூட சொல்லலியே சாமி. படை வந்தா முதல்ல எரியறது என் ஊரு."

"சொல்லியிருந்தா கிணத்துல இறங்கியிருப்பியா?"

கில்லெம் நகக்கண்ணில் இருந்த சேற்றைப் பார்த்தான்.

"அடுத்த வருஷமும் வருவாங்களே?"

"வருவாங்க. வேற ஆளா வருவாங்க."

"ஒத்தை சாவியை வெச்சு எத்தனை தடவை ஏமாத்த முடியும்? இத்தனூண்டு நாடு எழுநூறு வருஷம் எப்படித்தான் பிழைச்சுது?"

"ஒத்தை சாவியா? ஏழு இருக்கே."

கில்லெமின் கை தானாகக் கழுத்துக் கயிற்றில் தொங்கிய தன் சாவிக்குப் போனது.

ஆர்னாவ் சாவியை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

"என் முறை முடிஞ்சுது. அடுத்து உன் ஊர் சாவிதான் தொலையணும். எங்கேன்னு என்கிட்டகூட சொல்லாதே."