நாலு சக்கர இழுவைக்குச் சகலை ஆயில் மாற்றிய விதம்

என் மனைவியின் அக்கா புருஷன் தண்டபாணி, அதாவது என் சகலை, பொய் சொல்கிறவர் இல்லை, நடந்ததைக் கொஞ்சம் பெருக்கிச் சொல்வார், அவ்வளவுதான் என்று என் மனைவி சாதிப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவர் பெருக்கிய பெருக்கலில் என் கார் போயிருக்க வேண்டியது.

வாயைக் கொடுத்தது நான்தான். என் கார் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, பந்தயத்துக்குப் போகிற ரகம். பழசாக வாங்கியதுதான், ஆனாலும் அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதற்கு கியர் பெட்டியில் ஒரு ஆயில், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கிற முன் கிரவுனில் ஒன்று, பின் கிரவுனில் ஒன்று. மூன்றையும் மாற்ற நாளைக்கு மெக்கானிக்கிடம் விடப்போகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

"பெரிய மாப்ளை இருக்கறப்ப வெளியாளு எதுக்குங்க?" என்று மாமனார் நாச்சிமுத்து என் கார் சாவியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் பெரிய மாப்பிள்ளையை எதிர்த்துச் சின்ன மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசினால், ஊர் திரும்பியதும் என் வீட்டில் ஒரு வாரத்துக்கு யாரும் என்னோடு பேச மாட்டார்கள். நான் வெற்றிலை மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஆயிலுங்களா?" என்று சகலை சாய்ந்து உட்கார்ந்தார். "போன மாசம் எங்க முதலாளி கார். அதுவும் இதே நாலு சக்கர இழுவை. ஜாக்கி கெடைக்கல. இடது கையில வண்டியைத் தூக்கிப் புடிச்சுட்டு, வலது கையில போல்ட்டைக் கழட்டினேன்."

"ரெண்டு டன் வண்டியையா மாமா?" என்றான் மச்சினன் கதிர்வேல். சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருப்பவன், இரும்பின் கனம் தெரிந்தவன்.

"ஒண்ணே முக்கால் டன்தான். இல்லாததைச் சொல்லக் கூடாது பாருங்க. கீழ் போல்ட்டைக் கழட்டுனதும் பழைய ஆயில் கொடகொடன்னு வடிஞ்சுது. ஒரு சொட்டைத் தொட்டு நாக்குல வெச்சேன். 'மொதலாளி, போன வருசம் வால்பாறை ரோட்டுல பதினாலாவது கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியருக்குப் பதிலா நாலாவது போட்டிருக்கீங்க'ன்னேன். மனுசன் ஆடிப் போயிட்டாரு. அன்னிக்கு கார்ல யாரு கூட இருந்தாங்கங்கறதும் நாக்குல தெரிஞ்சுது. அதை நான் சொல்லல. குடும்ப விசயம்."

கதிர்வேல் விடவில்லை. "ஏனுங் மாமா, புது ஆயில் ஊத்தற மேல் போல்ட்டு கழலுதான்னு பாத்துட்டுத்தானே கீழ வடிச்சீங்க?"

"அதெதுக்கு? மொதல்ல வடிக்கணும், அப்பறந்தானே ஊத்தணும்."

இந்த வேலை தெரிந்த எவனும் மேல் போல்ட்டைத்தான் முதலில் தளர்த்துவான். அது இறுகிக் கிடந்து, கீழே வடித்தும் விட்டால், சொட்டு ஆயில் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு வேடிக்கைதான் பார்க்க வேண்டும். மாமனார் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"கழண்டுச்சா?" என்றான் கதிர்வேல்.

"எங்க கழண்டுச்சு? ஸ்பேனரைப் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினேன். போல்ட்டு அசையல, காரு சுத்துச்சு! கார் நின்ன ஷெட்டு சுத்துச்சு, ஷெட்டோட ஒட்டுன பங்களாவும் சுத்துச்சு. கெழக்கப் பாத்த வாசல் வடக்கப் பாத்துருச்சுங்க."

"உள்ள ஆளுக இருந்தாங்களா?"

"மொதலாளியம்மா தோசை ஊத்திட்டிருந்தாங்க. கரண்டியே வெக்கல, மாவு தானா வட்டமாப் பரவிருச்சுன்னு இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"அந்த போல்ட்டு?"

"அதுக்கே ஒரு மாதிரியாயிருச்சு. தானாக் கழண்டு என் கையில உக்காந்துக்கிச்சு."

மாமனார் மெய்மறந்து தலையாட்டினார். சாவி அவர் விரலில் இருந்து சகலையின் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

"புது ஆயில் ஊத்தி, ஓட்டிப் பாக்கலாம்னு ஆழியாறு வரைக்கும் போனேன். அடிவாரத்துலயே இன்ஜினை அணைச்சுட்டேன். வால்பாறை ரோட்டு நாப்பது வளைவும் வழுக்கிட்டே மேல ஏறிருச்சு."

"வழுக்குனா கீழதானே வரும்?"

"சாதா ஆயிலுக்கு அப்படி. கேளுங்க, முப்பதாவது வளைவுல எதுக்க ஒரு காரு. அதே நெறம், அதே நம்பரு. ஓட்டறது யாருங்கறீங்க? நானேதான்! போன வேகத்துல, திரும்பி வர்ற என்னைய நானே பாத்துட்டேன். கையைக் காட்டினேன், அவரும் காட்டினாரு. ரொம்ப மரியாதை தெரிஞ்ச மனுசன்."

கதிர்வேல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். மாமனார் கண் கலங்க, "இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்று சாவியைச் சகலையிடம் நீட்டினார். சகலையும் கையை நீட்டினார். எதிர்த்துப் பேச எனக்கு வழியில்லை. ஆமாம் போட மட்டும் வழி இருந்தது.

"மாமா, சித்த பொறுங்க. நானும் அவரைப் பாத்தேனுங்க" என்றேன்.

"யாரை?"

"திரும்பி வர்ற சகலையை. காலையில கிணத்துக்கடவு தாண்டி வர்றேன், எதுக்க என் காரே வருது. ஓட்டிட்டு வந்தது இவரு. நிறுத்தி, 'சகலை, நாளைக்கு உங்க காருக்கு ஆயில் மாத்திட்டு ஓட்டிப் பாத்தேன், போன வேகத்துல இன்னைக்கே திரும்பிட்டேன்'னாரு. மூணு ஆயிலும் மாத்தியாச்சுங்க. மறுபடியும் மாத்தினா அவர் செஞ்ச வேலையை அவரே குத்தம் சொல்ற மாதிரி ஆயிரும்."

மாமனார் சகலையைப் பார்த்தார். கதிர்வேல் சகலையைப் பார்த்தான். சகலை என்னைப் பார்த்தார். நான் சொன்னது புளுகு என்றால் அவருடைய முப்பதாவது வளைவு என்ன ஆவது? வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

"ஆமாங்க மாமா," என்றார் கடைசியில். "வேலை மும்முரத்துல மறந்தே போச்சு."

சாவி என் கைக்கு வந்தது. இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சகலை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து கேட்டார்:

"எப்படிங்க, சுத்தமா மாத்தியிருந்தேனுங்களா?"