அம்சவேணி சாகும் அத்தியாயம்

"அம்மா, அம்சவேணி சாகவே மாட்டேங்கறாளுங்க" என்றாள் தேவாத்தாள்.

பூவாத்தா குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாருங்க்கா அம்சவேணி?"

"என் நாவல்ல வர்ற கதாநாயகிங்க."

"என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

தேவாத்தாளுக்கும் அம்பத்தெட்டுதான்.

பூவாத்தாவுக்கு இருபத்தாறு. மலையடிவாரத்தில் ஒரு குடில், ஒரு வேப்பமரம், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அவள் யாரிடம் பாடம் கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. அவளிடம் வந்தவர்கள் எல்லாம் தெளிந்து போனார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் வந்தார்கள். தேவாத்தாள் இரண்டு வருஷமாக, அமாவாசைக்கு அமாவாசை, பஸ் ஏறி வருகிறாள். குருவை அவள் அம்மா என்பாள். குரு அவளை அக்கா என்பாள்.

தேவாத்தாள் முப்பது வருஷமாகக் காதல் நாவல் எழுதுகிறவள். அவள் கதாநாயகிகள் யாரும் இருபத்திரண்டைத் தாண்டியதில்லை. இதுதான் முதல் தடவை.

"மூணு தடவ கொன்னுட்டேனுங்க" என்றாள். "மொத தடவ மாரடைப்பு. ஆஸ்பத்திரியில படுக்க வெச்சேன். அடுத்த பக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, இந்தத் தலகாணி உறையை எப்பத் தொவச்சீங்கன்னு நர்சைக் கேக்கறா."

"ரெண்டாவது?"

"பஸ் மோதுச்சு. செருப்பு வாரு மட்டும் பிஞ்சுது."

"மூணாவது?"

"எப்படியோ செத்துட்டா. அந்த அத்தியாயம் பையில இருக்குது. ஆனா செத்த மாதிரியே இல்லீங்க. அதுதான் குழப்பமா இருக்குது."

"அவ ஏன் சாகணும்?"

"வயசானவங்க காதல் கதைன்னா அப்படித்தானுங்க. பாதியில இருமல் வரணும். கடைசியில மாலை போட்ட போட்டோ. அப்பத்தான் படிக்கறவங்க அழுவாங்க. அழுதாத்தான் மன்னிப்பாங்க."

"மன்னிக்கற அளவுக்கு அவ என்ன பண்ணினா?"

தேவாத்தாள் பையை அருகில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் பண்ணலைங்க. ஒருக்கா கதாநாயகரோட பேங்குக்குப் போனா. திரும்பி வர்றப்ப ரெண்டு பேருக்கும் ஒரு குடைதான் இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"மழை கூட இல்லீங்க. வெயிலுக்குத்தான்."

"குடையை யாரு புடிச்சது?"

"கதையிலங்களா?"

பூவாத்தா இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை துப்பியதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"சரி, அவ சாக மாட்டேங்கறா. அப்ப அவரைக் கொன்னுடுங்க்கா. ரெண்டுல ஒருத்தரு போனாச் சரிதானே?"

"அது ஆகாதுங்க. பாவம், அவருக்கு ஏற்கனவே சர்க்கரை. கால்ல பட்ட புண்ணு ரெண்டு மாசமா ஆற மாட்டேங்குது."

"கதையில அவருக்குச் சர்க்கரையா?"

"கதையில இல்லீங்க."

கரண்டி பாதியில் நின்றது.

தேவாத்தாள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு மரத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் பெயர் ராசப்பன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கிறவர். அவள் கையெழுத்து அவளுக்கே புரியாது, அவருக்குப் புரியும். அவர் மனைவி போய் ஏழு வருஷம். இவள் கணவர் போய்ப் பதினொரு வருஷம். போன மாதம் பத்தொன்பதாவது அத்தியாயத்தை அடித்து முடித்தபோது, இருபதுல கல்யாணம்தானுங்களே என்று கேட்டார். நமக்கும் வெச்சுக்கலாமுங்களா என்றார். இவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நாவல் முடியட்டுங்க, சொல்றேன்னேன்."

"வீட்டுல?"

"பையன்கிட்டச் சொன்னேன். பேரனுக்குப் பொண்ணு பாக்கற வயசுல இதென்ன கூத்துன்னான். பேரனுக்கு ஆறு வயசுதானுங்க."

"உங்களுக்கு அவரைப் புடிக்குதா?"

"தெரியலைங்க. புடிக்குது. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியலை" என்றாள்.

பூவாத்தா குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். கை கழுவிவிட்டு வந்தாள்.

"அந்த அத்தியாயத்தைக் குடுங்க."

தேவாத்தாள் பையிலிருந்து காகிதங்களை எடுத்துக் கொடுத்தாள். பூவாத்தா அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சுவரில் சாய்த்திருந்த முறத்தை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அவர் எத்தனை விரல்ல அடிப்பாரு?"

"ரெண்டுதானுங்க. ஆள்காட்டி விரலு ரெண்டும்."

பூவாத்தா இரண்டு விரலால் முறத்தில் தட்டத் தொடங்கினாள். ஒரு சொல்லைப் பார்ப்பாள். வாய்விட்டுச் சொல்வாள். தட்டுவாள். அடுத்த சொல்லைப் பார்ப்பாள்.

"அம்சவேணியின்."

டொக், டொக்.

"மூச்சு."

டொக்.

"மெல்ல."

டொக், டொக்.

விரல் நின்றது.

தேவாத்தாள் காத்திருந்தாள். முறத்தில் சத்தம் வரவில்லை. குழந்தை அவள் வளையலைப் பிடித்து இழுத்தது.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?"

"நான் நிறுத்தலைங்க்கா. அவரு நிறுத்திட்டாரு."

காகிதம் காற்றில் லேசாக எழும்பிற்று. பூவாத்தா அதன்மேல் கூழ்க் கிண்ணத்தை வைத்தாள்.

"எவ்வளவு நேரமுங்க இப்படியே இருப்பாரு?" என்றாள் தேவாத்தாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல உக்காந்து பாத்தவங்க நீங்கதானே."

தேவாத்தாள் யோசித்தாள்.

"கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பாரு" என்றாள். "மறுபடி மாட்டிக்குவாரு. அப்புறம் முழுசும் அடிச்சுக் குடுத்துருவாரு. ஒரு எழுத்துத் தப்பு இருக்காது. என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு."

பூவாத்தா மறுபடியும் விரலைத் தூக்கினாள்.

தேவாத்தாள் எட்டி முறத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தேவாத்தாள் குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள். பையை எடுத்தாள். காகிதத்தை எடுக்கவில்லை.

"தெளிஞ்சுதுங்களா அக்கா?"

"இல்லீங்க. வர்றப்ப இருந்ததை விட இப்பத்தான் குழப்பமா இருக்குது."

"பையனுக்கு என்ன சொல்லுவீங்க?"

"தெரியலைங்க."

"ஊருக்கு?"

"அதுவுந் தெரியலைங்க."

செருப்பைக் கால் மாற்றிப் போட்டாள். கழற்றி மறுபடி போட்டாள். வாசல் படலைத் திறந்துகொண்டு நடந்தாள்.

"அக்கா" என்று பூவாத்தா கூப்பிட்டாள். "முடிவு எழுதலையே?"

தேவாத்தாள் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"எழுதலைங்க. அவருகிட்ட நேர்லயே சொல்லிடறனுங்க."