யாரும் சாயாத தொட்டி

தூத்துக்குடியில் ஒரு ஹோட்டல். முதலாளி தங்கப்பழம் வைத்ததுதான் அங்கே சட்டம். வரவேற்பறையில் ஆளுயர மீன்தொட்டி வைத்திருந்தார். ஒருநாள் அது வெடித்து, தரை துடைத்துக்கொண்டிருந்த வேலையாள் இருதயத்தின் வலது கால் போனது. "அவன்தான் தொட்டியில சாஞ்சான்" என்று எல்லாரிடமும் சொல்லி, அவனை வேலையைவிட்டும் நிறுத்தினார்.

அடுத்து அதைவிடப் பெரிய தொட்டிக்கு ஏற்பாடு செய்தார். மேல்விளிம்பில் கண்ணாடிப் பட்டைகள் ஒட்டி இறுக்குவதா, போன தொட்டி மாதிரி பட்டையே இல்லாமல் விடுவதா என்று தொட்டி செய்பவர் கேட்டார்.

"பட்டை வேண்டாம், பார்க்க அசிங்கம். ரெஜினா மேசைக்குப் பின்னால வைங்க" என்றார் முதலாளி. அவரைப் பார்க்க வந்திருந்த வியாபாரிகள் தலையாட்டினார்கள்.

வரவேற்பில் உட்காரும் ரெஜினா எழுந்து நின்றாள். "இவ்வளவு அழகு என் முதுகுக்குப் பின்னால எதுக்கு அண்ணாச்சி? உங்க ரூம்ல, உங்க நாற்காலிக்குப் பின்னால வச்சா வர்ற பெரிய மனுஷங்க எல்லாம் பார்ப்பாங்களே."

"கிறுக்கா உனக்கு? பட்டையில்லாத தொட்டி, தண்ணி பாரம் தாங்காம என் மேல வெடிச்சா?"

"யாரும் சாயாமலேயா அண்ணாச்சி?"

தொட்டி செய்பவர் முதலாளியின் முகத்தைப் பார்க்காமல், "பட்டை வச்சே செஞ்சிடுறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் ரெஜினா இருதயத்தின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கட்டிலில் கிடந்தவன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"அப்ப நான் சாயலையா தங்கச்சி?" என்று கேட்டான். "எல்லாரும் சொல்லச் சொல்ல, சாஞ்சிருப்பேன்னு நானே நம்பிட்டேன்."